மாடிக் குளியலறையில் ஒரு பச்சைச் சுருட்டு

சுருட்டு என்றால் கறுப்பாக இருக்கும், மிஞ்சிப்போனால் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பச்சையாக ஒன்று என் கைக்கு வந்து சேரும், அதைப் பற்றவைத்த குற்றத்துக்காக என் சொந்த வீட்டு மாடிக் குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, கீழே நடக்கிற ஜெபக்கூட்டத்துக்கு என் விக்கல் கேட்டுவிடக் கூடாதே என்று துண்டைக் கடித்துக்கொண்டிருப்பேன் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும். அதுதான் என் வியாதி.

கொடுத்தவன் கல்லூரியில் என்னோடு படித்த காயல்பட்டினத்துக்காரன். மோதிரக் கல் வியாபாரம் செய்கிறான். வருஷத்தில் பாதி துபாயில் இருப்பான், மீதி விமானத்தில் இருப்பான். ஊருக்கு வரும்போது பாளையங்கோட்டைக்கு வந்து எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிடாமல் போக மாட்டான். அந்தத் தடவையும் என் மனைவி வைத்த மீன்குழம்பைச் சட்டியின் அடி தெரியும்வரை சாப்பிட்டுவிட்டு, அவளிடம் விடைபெற்றுக்கொண்டு, வாசல் கேட்டுக்கு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் பார்த்தான்.

“லே, கைய நீட்டு.”

நீட்டினேன். கண்ணாடித் தாளில் சுற்றிய பச்சைச் சாமான் ஒன்றை வைத்தான்.

“என்னலே, வெண்டைக்காயா?”

“வெண்டைக்காயாம்! சுருட்டுலே. மேல சுத்தியிருக்கிற இலைதான் பச்சை. கேண்டேலான்னு சொல்லுவாங்க.”

“சுருட்டு எங்கனலே பச்சையா இருக்கும்?”

“மத்த இலைய மாசக்கணக்குல காத்தாடத் தொங்கப்போட்டுப் பழுப்பாக்குவான். இத ஒடிச்ச கையோட அறைக்குள்ள அடைச்சு, கீழ தீய மூட்டிச் சுருக்கா காயவச்சிருவான். பச்சை அப்படியே நின்னுரும். மாஞ்சோலை டீத்தூள்ல கறுப்பும் இருக்கும், பச்சையும் இருக்கும்லா? இது பச்சை. ஒண்ணும் செய்யாது.”

“நான் குடிக்க மாட்டேன்னு தெரியும்லா உனக்கு?”

“தெரியும். அதனாலதான் தாரேன். இந்த வயசுவரைக்கும் ஒரு தப்பும் பண்ணாம இருக்கியே, உன் தோள்ல உக்காந்து பாவத்த எழுதுத மலக்கு, பாவம், சும்மா பேனாவ வச்சுக்கிட்டு கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பாரு. அவருக்கும் ஒரு வேல குடுலே.”

வானவருக்கு வேலைவாய்ப்பு கொடுக்கச் சொல்லி இப்படி ஒருவன் கெஞ்சினால் யாரால் மறுக்க முடியும்? அவன் காரில் ஏறிக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னான். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதே, வாயில் வைத்து வெளியே விட்டுவிடு. அணைக்கும்போது நசுக்காதே, நசுக்கினால் ஊரே நாறும். அப்படியே வைத்துவிட்டால் தானாக அணைந்துவிடும். இரண்டையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். வாத்தியார் அல்லவா? கேட்டுக்கொள்வதில் குறை வைக்க மாட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன். அதனால் சுருட்டை ஒரு பெரிய சோதனைக் குழாய்க்குள் போட்டு, கார்க்கால் அடைத்து, என் புத்தக அலமாரியில் பழைய பாடநூல்களுக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன். என் வீட்டில் வேதியியல் பாடநூலை யாரும் தானாகத் தொட மாட்டார்கள். சில வாரங்கள் அது அங்கேயே நின்றது. சில சாயங்காலங்களில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். இளம் வாழையிலையைச் சுருட்டியது போல இருக்கும். பச்சையம் எப்படி நின்றது, எந்தச் சூட்டில் நின்றது என்று எனக்கு நானே பாடம் நடத்துவேன். அது ஆராய்ச்சி, ஆசையே இல்லை என்று என்னை நம்பவைக்க நான் பட்ட பாட்டை மாணவர்களிடம் பட்டிருந்தால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி வந்திருக்கும்.

இதில் சிரிக்க முடியாத ஒரு விஷயம் இருந்தது.

என் மாமனார் சுருட்டு குடித்தே போனவர். நான் அவரைப் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் கோபம் வந்தால் ஒன்று என்று குடித்து, நெஞ்சு கெட்டு, படுக்கையில் கிடந்து போயிருக்கிறார். அவர் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தது என் மனைவிதான். அப்போது அவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு நாங்கள் பெண் பார்க்கப் போனபோது, பையனிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று பெரியவர்கள் கேட்டதற்கு, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது. “பீடி, சிகரெட், சுருட்டு எதும் உண்டுமான்னு கேளுங்க.” இல்லை என்றேன். உண்மை. எங்கள் அப்பாவின் பிரம்புக்குப் பயந்து உண்மையாக வாழ்ந்த காலம் அது. அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். என் முகத்தையோ சம்பளத்தையோ காரணமாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் லெந்துக்காலம் வந்தால் எனக்கு ஒரு பெருமை வந்துவிடும். ஈஸ்டருக்கு முந்திய அந்த உபவாச நாட்களில் எங்கள் தெருவில் சாயங்காலம்தோறும் ஒவ்வொரு வீடாக ஜெபம் நடக்கும். பாட்டு முடிந்ததும் ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து சாட்சியாகச் சொல்லுவார்கள். ஒருத்தி மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லுவாள், ஒருத்தி மூட்டுவலி குறைந்ததைச் சொல்லுவாள். என் மனைவி வருஷத்துக்கு ஒரு தடவை என்னைச் சொல்லுவாள். தகப்பனைப் புகையிலைக்குக் கொடுத்தவளுக்கு அதைத் தொடாத புருஷனை ஆண்டவர் கொடுத்தார் என்பாள். நான் ஆண்கள் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன், பரிசு வாங்கிய மாடு மாதிரி.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் செய்தாய் என்று கேட்டால் இப்போது என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு நிறைய இருந்தது. எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஜெபம் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அடுத்த வீட்டில் நடக்க வேண்டியது. மதியம் அவர்களுக்கு ஆழ்வார்குறிச்சியில் ஒரு நெருங்கிய சொந்தக்காரர் தவறிவிட்டார் என்று செய்தி வந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது பூட்டைப் பார்த்தேன். பூட்டைப் பார்த்ததும் மனிதனுக்குத் துக்கம் வர வேண்டும். எனக்குக் கணக்கு வந்தது. துட்டி விழுந்துவிட்டதால் இன்றைக்கு ஜெபம் இல்லை. தெருப் பெண்கள் வழக்கம்போல வேன் பிடித்துத் துட்டி கேட்கப் போவார்கள். என் மனைவியும் தன் பள்ளியிலிருந்து அப்படியே அவர்களோடு போய்விடுவாள். வீடு எனக்கு, எனக்கே எனக்கு.

எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகூட இந்தக் கணக்கைப் போடாது. லெந்து ஜெபம் எதற்கும் நிற்காது. ஒரு வீட்டில் துட்டி விழுந்தால் அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சொல்லிவிடவும் வேண்டாம், கேட்டுக்கொள்ளவும் வேண்டாம். அடுத்த வீட்டுக்காரர் பாயை விரித்து டீக்குப் பால் வாங்கிவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். துட்டிக்கு மறுநாள் காலையில் போய்க்கொள்வார்கள். இது தலைமுறை தலைமுறையாக இருக்கிற முறை. அடுத்த வீடு எது? அதை மட்டும் நான் யோசிக்கவில்லை. சுருட்டு குடிக்கப்போகிறவனுக்குத் தன் வீடு எந்த வீட்டுக்கு அடுத்த வீடு என்பது மறந்துபோகும் போல.

ஆக, கைபேசியைச் சத்தமில்லாமல் சமையலறையில் வைத்துவிட்டு, சோதனைக் குழாயோடு மாடி ஏறினேன். மாடியில் ஒரு படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை. குளியலறையில் புகை வெளியே போக ஒரு காற்றாடி உண்டு. அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று நான் வீடு கட்டிய நாளிலிருந்து பார்த்ததில்லை. வானத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

சவர பிளேடால் நுனியைச் சீவினேன். தீக்குச்சி கிழித்தேன். முதல் இழுப்பில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் காய்ந்த புல் வாசம் வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் மிளகுக் காரம், கொஞ்சம் தித்திப்பு. மாஞ்சோலையில் தொழிலாளர்கள் இருந்த காலத்தில், பேருந்தை விட்டு இறங்கியதும் வாடிய தேயிலை வாசம் வருமே, அதுவும் அதற்குள் எங்கேயோ இருந்தது. பசுமாட்டுக்கு முத்தம் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மோசமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். எட்டி நின்று பார்த்தால் மிராசுதார், கிட்ட வந்து பார்த்தால் வெண்டைக்காயைக் கவ்விய ஆடு. அந்த மகிழ்ச்சியில், நண்பன் சொன்ன முதல் விஷயத்தை மறந்து, ஒரு நீள இழுப்பை நெஞ்சுக்குள்ளேயே இறக்கினேன். நன்றாக இருந்தது போலத் தோன்றியதால் இன்னொன்றும் இறக்கினேன்.

அப்போதுதான் கீழே செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

ஒரு ஜோடி என்றால் மனைவி என்று நினைக்கலாம். நிறைய ஜோடி. அதோடு பாய் உதறும் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், பாட்டுப் புத்தகங்களை டீப்பாயில் பொத்தென்று வைக்கும் சத்தம். இந்தச் சத்தங்கள் இந்த வரிசையில் வந்தால் என்ன என்பது எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மாடிப்படி வீட்டுக்குள்ளே இருக்கிறது. நேராகக் கூடத்தின் நடுவில் வந்து இறங்கும். கட்டும்போது கொத்தனார், “படிய வெளிய வச்சிருவமா சார்?” என்று கேட்டார். “எதுக்கு, திருடனுக்கா?” என்று கேட்டு அவரைச் சிரிக்கவைத்தேன். திருடனுக்குத்தான் என்று இப்போது புரிந்தது.

கீழே வாசலில் பேச்சு கேட்டது.

“என்ன வாடை இது, வைக்கல் கருகுத மாதிரி?”

“பிசான நெல்லறுப்பு முடிஞ்சிட்டுல்லா? வயக்காட்டுல தாளக் கொளுத்துதானுவ.”

“இங்கன வரைக்குமா வரும்?”

“காத்து அங்கனருந்துல்லா அடிக்கு.”

அப்போதுதான் என் வீட்டுக் காற்றாடி எங்கே பார்த்து இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. நேராக வாசல் படிக்கு மேலே. வருகிறவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் தூபம் காட்டுவது போல நான் புகையை இறக்கிக்கொண்டிருந்தேன். பாய்ந்து காற்றாடியை நிறுத்தினேன். புகை வெளியே போவது நின்றது. போகாத புகை என்னோடு இருந்தது. சன்னலைத் திறக்கலாமென்றால் அதுவும் வாசலைப் பார்த்த சன்னல். சுருட்டைத் தண்ணீரில் போடலாமென்றால் நனைந்த சுருட்டு எப்படி நாறும் என்று தெரியாது; நசுக்கினால் ஊரே நாறும் என்பது தெரியும். நண்பன் சொன்ன இரண்டாவது விஷயத்தையாவது மதிப்போம் என்று சோப்புப் பெட்டியின் விளிம்பில் அதைச் சாய்த்துவைத்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டு பைய, மிகப் பைய, புகைந்தது.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். வியர்த்தது. கை சில்லிட்டது. நெஞ்சுக்குள் இறக்கிய புகை அங்கே தங்கியிருக்க விருப்பமில்லை என்று சொல்லத் தொடங்கியது. முதல் விக்கல் வந்தது. எங்கள் ஜெபத்தில் தொடக்கத்தில் எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் தலைகுனிந்து இருப்பார்கள். அந்த அமைதியைத் தேர்ந்தெடுத்துதான் அது வந்தது. துண்டைக் கடித்தேன். பாட்டு ஆரம்பித்ததும் ஆசை தீர விக்கினேன். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே அவர்கள் மூச்சு வாங்கும்போது நான் மூச்சை அடக்கினேன். இவ்வளவு ஒழுங்காக நான் பாடகர் குழுவில்கூடப் பாடியதில்லை.

பாட்டு முடிந்தது. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். ஐயர், சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்றார். யாரோ எழுந்தார்கள். வளையல் சத்தத்தில் தெரிந்துவிட்டது, என் மனைவி.

அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கடைசி வரிசைக் குழந்தைக்குக் கேட்கும்படி பேசுவாள். கடைசி வரிசையில் நான் இருந்தேன்.

“எங்க அப்பாவ சுருட்டுக்குத்தான் குடுத்தோம். அது இங்க உள்ள எல்லாருக்கும் தெரியும். அவர் கஷ்டப்பட்டதப் பாத்து, எனக்கு வாரவுக இதத் தொடாதவுகளா இருக்கணும்னு ஒரே ஒரு விண்ணப்பந்தான் வச்சேன். ஆண்டவர் அப்படியே தந்தார். இந்த நாள் வரைக்கும்...”

நிறுத்தினாள். அவள் எப்போதும் நிறுத்தாத இடம் அது. நான் வாளியின் மேல் அசையாமல் இருந்தேன்.

“இந்த நாள் வரைக்கும் அவிய அதத் தொட்டதில்ல. ஸ்தோத்திரம்.”

“ஸ்தோத்திரம்,” என்றார்கள் எல்லாரும்.

அந்தச் சத்தத்தோடு சத்தமாக எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதை மட்டும் துண்டால் தடுக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சத்தம் கூடத்துக்கு மட்டுமல்ல, ஆழ்வார்குறிச்சிக்கும் கேட்டிருக்கும்.

“சார் எங்க?” ஐயர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

“அவியளுக்கு உடம்பு சரியில்ல ஐயா,” என்றாள் என் மனைவி. “மேல படுத்திருக்காவ. சாப்பிட்டது என்னமோ சேரல போல.”

“அப்போ எல்லாரும் மேல போயி ஒரு ஜெபம் பண்ணிருவோம்.”

நாற்காலிகள் நகர்ந்தன. படியில் காலடி. நான் வாயைக் கழுவி, குளியலறைக் கதவைச் சாத்தி, பவுடர் டப்பாவைத் திறந்து அறை முழுக்க உதறி, கட்டிலில் விழுந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்ததற்கும் ஐயர் உள்ளே வந்ததற்கும் நடுவே ஒரு மூச்சு விடத்தான் நேரம் இருந்தது. அதையும் விக்கல் எடுத்துக்கொண்டது.

கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மீதிப்பேர் படியில் வரிசையாக நின்றார்கள். ஐயர் என் நெற்றியில் கை வைத்தார். “ஏ அப்பா, சில்லுன்னு இருக்கே!” என்றார். நடிக்கத் தேவையே இருக்கவில்லை. நான் உண்மையிலேயே செத்துக்கொண்டுதான் இருந்தேன். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என் காலைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி கதவோரமாக நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை இறுக மூடினேன். பார்ப்பவர்களுக்குப் பக்தியாகத் தெரிந்திருக்கும்.

ஐயர் உருக்கமாக ஜெபித்தார். “இது இன்ன வியாதின்னு எங்களுக்குத் தெரியாது ஆண்டவரே. உமக்குத் தெரியும். எங்கே இருந்து வந்ததுன்னும் உமக்குத் தெரியும்.” ஆண்டவருக்குத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் விக்கினேன்.

எல்லாரும் இறங்கும்போது அண்ணாச்சி மட்டும் பின்தங்கி, குனிந்து, என் காதோரம் சொன்னார். “வே, சன்னலத் தொறந்து போடும். காத்து வரட்டும்.” அவர் கடையில் உப்பு, புளி விற்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் வேறு சிலதும் விற்கிறார். அவர் மூக்கைப் பற்றி அன்றைக்கு எனக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது. 

டீ குடித்து, செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். கேட் சாத்துகிற சத்தம். பிறகு அவள் மட்டும் படியேறி வருகிற சத்தம்.

நேராகக் குளியலறைக்குள் போனாள். திரும்பி வரும்போது சோப்புப் பெட்டியோடு வந்தாள். சுருட்டு அணைந்திருந்தது. பாதி சாம்பல், பாதி பச்சை. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

“இது ஏன் பச்சையா இருக்கு?”

வாத்தியாரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. நான் எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னேன். இலையைச் சூட்டில் சட்டென்று காயவைப்பதை, பச்சையம் சிதையாமல் நிற்பதை, கறுப்புத் தேயிலை பச்சைத் தேயிலையை. நடுவில் ஒரு ஹாஸ்யமும் வைத்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்பது போல அவள் முழுதாகக் கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“ம்.”

“வாசல்ல ஏறும்போதே புகையில வாடைன்னு மூக்குல பட்டுது. வெளிய யாரோ குடிச்சிக்கிட்டுப் போறாவன்னு நெனைச்சேன். எந்திச்சு சாட்சி சொல்ல ஆரம்பிச்ச பெறகு படி வழியா எறங்கி வந்துது பாருங்க, அப்பந்தான் தெரிஞ்சுது. பாதி சொல்லிட்டேன். அத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்காவ. நான் என்ன செய்ய? பாதில உக்கார முடியுமா?”

நான் போர்வையை மடித்தேன். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தேன்.

“தெரிஞ்சே சொன்னேன். அவிய தொட்டதில்லன்னு. லெந்து நாள்ல, ஐயரு முன்னால, என்னப் பொய்ச்சாட்சி சொல்ல வச்சிட்டிய. நீங்க குடிச்சதவிட அதுதான் எனக்கு ஆறமாட்டங்கு.”

நான்தான் மாட்டிக்கொண்டேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு மறைந்துகொள்ள ஒரு கதவாவது இருந்தது. அவள் வெட்டவெளிச்சத்தில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்று மாட்டியிருக்கிறாள்.

“நாளைக்கு நான் எந்திச்சு சொல்லிருதேன்,” என்றேன்.

“சொல்லணும்,” என்றாள். சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் ஜெபம் மேற்கே அடுத்த வீட்டில். எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். அந்த மதிலைத் தாண்டிப் போக எனக்குச் சாயங்காலம் முழுவதும் பிடித்தது. கூடத்தில் பாயில் உட்கார்ந்தபோது வெளியேறும் வழி எது என்று முதலில் பார்த்துவைத்தேன். வழியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன்.

“நேத்து சாரு எப்படிக் கெடந்தாங்கன்னு நாம எல்லாரும் பாத்தோம்,” என்று ஐயர் மகிழ்ச்சியோடு முந்திக்கொண்டார். “இன்னைக்கு எந்திச்சு நிக்காங்க. சொல்லுங்க சார்.”

எல்லார் முகத்திலும் ஒரு சுகமான எதிர்பார்ப்பு. குணமானவன் சாட்சி சொல்லப்போகிறான்.

“நேத்து எனக்கு வந்தது வியாதி இல்ல ஐயா,” என்றேன். “சுருட்டு குடிச்சேன்.”

கூடமே சிரித்தது. என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் சிரிக்கவைப்பவன், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வேனில்கூடச் சிரிக்கவைப்பவன். 

“நெசமாவே. மாடியில, குளியலறைல. பச்சைச் சுருட்டு.”

பச்சை என்றதும் சிரிப்பு இரட்டிப்பானது. ஒரு பெரியம்மா புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். “சுருட்டு பச்சையா இருக்குமாம்!” என்று யாரோ சொன்னார்கள். “அடுத்தாப்புல செவப்புல ஒண்ணு குடியும் வே,” என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்க்காமல், சத்தமாக. எனக்குத் தப்பிக்க அவர் திறந்துவிட்ட கதவு அது. நானும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். என் முகமும் பழக்கதோஷத்தில் சிரிக்கத் தயாராகிவிட்டது.

“சார், விளையாட்டு போதும். சாட்சியச் சொல்லுங்க,” என்றார் ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சொல்லிவிட்டேன் ஐயா, அதுதான் சாட்சி என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிப்பில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இத்தனை வருஷம் நான் விளையாட்டாகச் சொன்ன பொய்யையெல்லாம் நம்பியவர்கள், ஒருநாள் உண்மையைச் சொன்னால் கைகொட்டுகிறார்கள். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

பெண்கள் பக்கம் வளையல் சத்தம் கேட்டது.

“அவிய சொல்லுதது நெசம் ஐயா,” என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவில்லை, கடைசி வரிசைவரை கேட்டது. “நேத்து நான் சொன்ன சாட்சியில ‘இந்த நாள் வரைக்கும்’னு சொன்னதுதான் சரியில்ல. அதத் திருத்திக்கிடுதேன்.”

உட்கார்ந்தாள்.

கூடத்தில் சிரிப்பு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே அறுந்து நின்றது. ஐயர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். எல்லாரும் பாடினோம். தவறு செய்தவன் நான், நின்றுகொண்டிருந்தவனும் நான்; ஆனால் பாட்டு முடியும்வரை யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்ததெல்லாம் அவளைத்தான். அவள் புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடம்.

ஜெபம் முடிந்து வெளியே வந்தோம். டீக்கு நிற்கவில்லை. மதிலோரமாக நடந்து எங்கள் கேட்டுக்கு வந்ததும் அவள் நின்றாள்.

“அடுத்த வருசம் நான் என்னத்தச் சொல்ல?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். நான் யோசித்தேன். என்னைப் பற்றி ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேறு என்ன இருக்கிறது என்று மேலிருந்து கீழ்வரை தேடினேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“குறட்டை விட மாட்டாவன்னு சொல்லேன்.”

“திரும்பயும் என்னப் பொய்ச்சாட்சி சொல்லச் சொல்லுதிய.”

சிரித்தாளா என்று தெருவிளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். தனக்குப் பின்னால் அதைச் சாத்தவில்லை. நானும் வருவேன் என்று விட்டிருக்கலாம், மறந்தும் போயிருக்கலாம். உள்ளே போய், தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டேன்.